யார் அந்த சிசிலி?

முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி ஜீப்பு மலை ஏறத் தொடங்கினால் லிங்கேஸ்வரனுக்குப் பாட்டு வேண்டும். இருபது வருசப் பழக்கம். இன்றைக்குப் பாட்டு போடவில்லை. பின்னால் எட்டு மூட்டை உரம் லோடு. முன்னால் வளைவுக்கு மேல் வளைவு. மனசுக்குள் ஒரே ஒரு பெயர்.

சிசிலி.

யார் அந்த சிசிலி? அதைக் கண்டுபிடிக்காமல் இன்றைக்கு மலையை விட்டு இறங்குவதில்லை என்று காலையில் பல் விளக்கும்போதே முடிவு கட்டிவிட்டான்.

தன் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பது அவன் கட்சி. நாம் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டால் போதும். ஒரு மாதமாகவே வீடு வீடாக இல்லை. ஏலக்காய் குடோனில் நாள் பூராவும் காய் பொறுக்கிவிட்டு வருகிற பெண்டாட்டி சந்திரவல்லி, வந்ததும் வராததுமாக அடுப்படியில் செஸ் பலகையை விரிக்கிறாள். திருப்பூருக்கு வேலைக்குப் போன மகன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பலகை. எதிரே உட்காருவது லிங்கேஸ்வரனின் தங்கச்சி அமுதவள்ளி. நாத்தனாரும் மதினியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குசுகுசுவென்று பேசுவது எந்த வீட்டில் நடக்கிறது? அங்கேதான் அவனுக்கு முதல் சந்தேகம்.

அந்தக் குசுகுசுவில் காதில் விழுந்தது இவ்வளவு:

"சிசிலியை நம்பி எறங்கிட்டா நடுவுல திரும்ப முடியாது மதினி."

"தெரியும் அமுதா. எனக்கு சிசிலிதான் சரிப்படும். அடங்கி ஒடுங்கிக் கெடந்து எனக்கு அலுத்துப்போச்சு."

"ராஜாவைத் தனியா விட்டுட்டுப் போறோமேன்னுதான் பயமா இருக்கு."

"அது பாட்டுக்கு மூலையில கெடக்கட்டும். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

கல்யாணமான புதுசில் சந்திரவல்லி அவனை ராஜா என்று ரெண்டொரு தடவை கூப்பிட்டதுண்டு. மூலையில் கிடக்கட்டுமாமே! புருசன் 'அது'வாம்! ஒண்ணும் ஆகாதாம்!

சிசிலி என்றால் லிங்கேஸ்வரனுக்குத் தெரிந்தது ஒரே சிசிலிதான். மலைக்கு மேலே, கேரளத்துப் பூப்பாறையில் டீக்கடை வைத்திருக்கிற சிசிலி சேச்சி. எஸ்டேட்டுகளுக்குப் பெண்ணாட்களைச் சேர்த்து விடுகிறவள். அவள் பேச்சைக் கேட்டு மலையேறி, கூலியாட்கள் குடியிருக்கிற லயத்திலேயே தங்கிவிட்ட பெண்கள் அவன் ஊரான போடியில் தெருவுக்கு ரெண்டு பேர் உண்டு. பொண்டாட்டி கிளம்பத் தயாராகிவிட்டாள், தங்கச்சி தூபம் போடுகிறாள். கணக்கு சரியாகத்தானே வருகிறது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ராக்கு மாவாட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். சிசிலி என்ற பெயரை மட்டும் அவன் எடுக்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்துக்கொள்வோம் என்று விட்டு வைத்திருந்தான். ஆத்திரம் முழுக்கப் பலகை மேல் இறங்கியது.

"என்னமோ ஜில்லாப் போட்டியாமே? ஞாயித்துக்கெழமையோட எல்லாத்தையும் முடிச்சுக்க. முதலாவதா வரலைன்னா பலகையைப் பரண்ல ஏத்திரணும். அதுக்கப்புறம் ஒன் கை அதுல படக்கூடாது."

சந்திரவல்லி அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"சரி. முதலாவதா வந்தா?"

"வந்தா, நீ கேக்குறதை நான் தர்றேன். போ! என்னத்தைக் கேட்டாலும் சரி. இது என் வாக்கு."

"பாத்துப் பேசுங்க," என்றாள்.

அவன் சிரித்தான். ஏலக்காய் பொறுக்குகிறவளாவது, ஜில்லாவில் முதலாவதாக வருவதாவது! ஆனால் சனிக்கிழமை அவள் ஐந்து ஆட்டம் ஆடி நாலில் ஜெயித்துவிட்டு வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி ரசம் வைத்தாள். அவனுக்குத்தான் ரசம் இறங்கவில்லை.

---

பூப்பாறையில் மூட்டைகளை இறக்கிய கையோடு லிங்கேஸ்வரன் டீக்கடைக்குள் நுழைந்தான். பனி இன்னும் விலகவில்லை. சிசிலி சேச்சி பழம்பொரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சேச்சி, நேராவே கேக்குறேன். என் பொண்டாட்டியை எந்த எஸ்டேட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

"எந்தா அண்ணா? ஆருடெ பொண்டாட்டி?"

"சந்திரவல்லி. போடிக்காரி. மழுப்பாதீங்க."

"சந்திரவல்லியோ? எனக்கு அறியில்லல்லோ!" சேச்சி கரண்டியைக் கீழே வைத்தாள். ஆள் சேர்க்கிற வேலையை விட்டு ரெண்டு வருசம் ஆகிறதாம். முட்டுவலி. வேண்டுமானால் எந்த எஸ்டேட்டிலும் கேட்டுக்கொள்ளலாமாம். "ஆட்டே, உங்க சம்சாரம் இப்ப எவிடே?"

"போடியிலதான். ஏதோ செஸ் போட்டியாம். இன்னைக்குக் கடைசி ஆட்டம்."

சேச்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சொந்தம் பார்யா அவிடே களிக்குந்நு. நிங்ஙள் இவிடே வந்து என்னோட வழக்கு! நாணமில்லே? போய்க் காணு அண்ணா!"

பெண்டாட்டி அங்கே ஆடுகிறாள், இங்கே வந்து சண்டை போட வெட்கமில்லையா என்று அவள் கேட்டது சுருக்கென்றது. டீயைக்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்தான். இறங்கும்போது போடிமெட்டில் டீக்கடைக்காரர் கை காட்டினார், நிற்கவில்லை. இந்தச் சிசிலி இல்லையென்றால் வேறு எந்தச் சிசிலி? அந்தக் கேள்வி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கடைசி ஆட்டம் எத்தனை மணிக்கு என்றுகூடத் தனக்குத் தெரியாது என்பது வளைவுக்கு வளைவு குத்திக்கொண்டே வந்தது.

---

போட்டி நடந்த கல்யாண மண்டபத்துக்குள் அத்தனை பேர் இருந்தும் சத்தமே இல்லை. வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசி ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மற்ற பலகைகளெல்லாம் முடிந்துவிட்டன. மேடைக்குக் கீழே ஒரே ஒரு மேசையில் மட்டும் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பச்சைச் சேலையில் சந்திரவல்லி. எதிரே முக்காடு போட்ட ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பதினாலு வயசு இருக்கும்.

கதவோரம் நின்றிருந்த அமுதவள்ளி அண்ணனைப் பார்த்ததும் திடுக்கிட்டாள்.

"அண்ணே! நீ எங்க இங்க?"

"அதிருக்கட்டும். சிசிலி யாரு? உண்மையைச் சொல்லு."

"சிசிலியா?"

"ஒளிக்காத. ஒரு மாசமா நீங்க ரெண்டு பேரும் பேசுறதைக் கேட்டுட்டுத்தான் இருக்கேன். பூப்பாறைக்கே போயிட்டு வந்துட்டேன்."

அமுதவள்ளிக்கு ஒரு நிமிசம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். சத்தம் போட்டுச் சிரிக்க முடியாத இடம். கண்ணில் தண்ணியே வந்துவிட்டது.

"அடப்பாவி அண்ணே! அது ஆட்டத்தோட பேரு. சிசிலியன். கறுப்புக் காய் வச்சிருக்கவங்க ஆடுற தற்காப்பு. அதுலயும் மதினி ஆடுறது டிராகன்னு ஒண்ணு. தற்காப்புன்னு பேருதான், உள்ள எறங்கிட்டா வெட்டுக்குத்து. யாரு முந்துறாங்களோ அவங்களுக்குத்தான் ஆட்டம். பயந்தவங்க ஆட மாட்டாங்க."

"அப்ப, மூலையில கெடக்கட்டும்னு சொன்ன ராஜா?"

"பலகையில இருக்க ராஜாண்ணே! நீன்னு நெனைச்சியா?"

லிங்கேஸ்வரனுக்குப் பெரிய பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. அவள் எங்கேயும் போகவில்லை. அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞாபகம் வந்தது. இல்லாத ஒரு சிசிலிக்காக இருக்கிற ஒருத்தியிடம் என்னவெல்லாம் கத்தினோம்!

"இப்ப என்ன நெலவரம்?"

"அந்தப் பிள்ளை அப்ரின், கம்பம். அரைப் புள்ளி முன்னால இருக்கா. சமன் ஆனாலே அவதான் மாநிலப் போட்டிக்குப் போவா. மதினி ஜெயிச்சே ஆகணும். இல்லைன்னா…" அமுதவள்ளி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "இல்லைன்னா பரண்தானே?"

அவன் மேசைப் பக்கம் பார்த்தான். பரணும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், நீ நிம்மதியாக ஆடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். உள்ளே கால் வைத்தான். நடுவர் ஈஸ்வரன் சார் குறுக்கே வந்து மெதுவான குரலில் சொன்னார்.

"பார்வையாளர் பேசக்கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் அந்தம்மா ஆட்டத்துக்குத்தான் கேடு. சம்மதமா?"

லிங்கேஸ்வரன் வாயை மூடிக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். அமுதவள்ளியும் பக்கத்தில் வந்து நின்றாள். சொன்னதைத் திருப்பி வாங்கக்கூட வழியில்லாமல் போய்விட்டது. கொழுப்பெடுத்த வாய்க்கு நன்றாக வேண்டும்.

அங்கிருந்து பலகை தெரிந்தது. காய் எதுவும் அவனுக்குப் பிடிபடவில்லை. பெண்டாட்டியின் கை மட்டும் பிடிபட்டது. மேசைக்குக் கீழே, மடியில், வலதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. குடோனில் சொத்தைக் காயை உருட்டிப் பார்த்து ஒதுக்குகிற அதே விரல்கள். காய் பிடித்துப் பிடித்து நகத்தோரம் கறுத்துப்போன விரல்கள். இருபத்து மூணு வருசமாகப் பக்கத்தில் இருக்கிறான், அந்தக் கையை இவ்வளவு நேரம் ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்ரின் நிமிர்ந்து, "சமன் வச்சுக்கலாமா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

சந்திரவல்லி சிரித்தாள். "வேண்டாந் தாயி. ஆடுவோம்."

அதற்கடுத்து அவள் செய்த காரியத்தில் அமுதவள்ளி மூச்சை இழுத்துப் பிடித்தாள். சந்திரவல்லி தன் யானையை நேராகக் கொண்டுபோய் அப்ரினின் குதிரையை வெட்டினாள். அந்த யானையைத் திருப்பி வெட்ட எதிராளியின் சிப்பாய் ஒன்று பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தது.

"என்ன இவ," லிங்கேஸ்வரன் தங்கச்சி காதில் மட்டும் விழுகிற மாதிரி முணுமுணுத்தான். "யானை பெருசா, குதிரை பெருசா?"

"யானைதான்."

"அப்பறம்?"

"தெரிஞ்சுதான் குடுக்குது. பேசாம பாரு."

அப்ரின் கை விருட்டென்று நீண்டு அந்தச் சிப்பாயைத் தொட்டது. தொட்ட மாத்திரத்தில் நின்றது. அந்தப் பிள்ளையின் கண் பலகையின் இன்னொரு மூலைக்கு ஓடியது. அங்கே சந்திரவல்லியின் கறுப்பு மந்திரி ஒன்று, தொடக்கத்திலேயே வந்து நின்றதிலிருந்து அசையாமல், அப்ரினின் ராஜா இருக்கிற பக்கமாகவே குறிவைத்து உட்கார்ந்திருந்தது. அப்ரின் கையை எடுத்துவிட்டாள். முகம் வெளிறிப்போனது.

ஈஸ்வரன் சார் மேசைக்கு வந்தார்.

சந்திரவல்லி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "விட்டுருங்க சார். அவசரத்துல கை வச்சிருச்சு. பிள்ளை வேணும்னா வேற காயை ஆடட்டும்."

லிங்கேஸ்வரனுக்குப் பகீரென்றது. அடிப் பைத்தியக்காரி! தோற்றால் பரண் என்பதை மறந்துவிட்டாளா? மறக்கவில்லை. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், போன தீபாவளிக்கு அவன் சொன்னதுகூட ஞாபகம் இருக்கும். இருந்தும் சொல்கிறாள். அந்த இடத்தில்தான் லிங்கேஸ்வரனுக்கு நெஞ்சு விம்மியது. இவள் என் பெண்டாட்டி என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் ஆட்டம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஈஸ்வரன் சார் வாயைத் திறப்பதற்குள் அப்ரினே சொன்னாள்.

"இல்ல ஆன்ட்டி. தொட்டுட்டேன். தொட்டா ஆடணும்."

சொல்லிவிட்டு அதே சிப்பாயால் யானையை வெட்டினாள். நல்ல வீட்டுப் பிள்ளை, சும்மா சொல்லக்கூடாது.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். சந்திரவல்லியின் ராணி இறங்கியது. குதிரை இறங்கியது. இத்தனை நேரம் மூலையில் கிடந்த மந்திரிக்கு வழி திறந்தது. ஒவ்வொரு காயையும் அவள் ரெண்டே விரலால் எடுத்து, வெரசா வைத்து, கையை மடிக்குக் கொண்டுபோனாள். ஏழெட்டு நகர்த்தல்தான். அப்ரின் தோல்வியை ஒத்துக்கொண்டு கையை நீட்டினாள். சந்திரவல்லி அந்தக் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மதினி ஜெயிச்சிருச்சு," என்றாள் அமுதவள்ளி.

---

பரிசுக் கோப்பையோடு வெளியே வந்த சந்திரவல்லி புருசனைப் பார்த்தாள். கொஞ்சமும் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

"லோடு எறக்கியாச்சா?"

"எறக்கியாச்சு," என்றான். எத்தனையோ சொல்ல நினைத்து வைத்திருந்தான், அது ஒன்றுதான் வாயில் வந்தது.

அப்ரினின் அப்பா இப்ராஹிம் பாய் வாசலில் நின்றிருந்தார். கம்பத்தில் பலசரக்குக் கடைக்காரர். மகள் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, "அம்மா, என்னா வெட்டு வெட்டுனீங்க! எங்க படிச்சீங்க இதை?" என்று கேட்டார்.

சந்திரவல்லி அமுதவள்ளியைக் கை காட்டினாள். லிங்கேஸ்வரன் முந்திக்கொண்டான்.

"பாய், இது என் சம்சாரம். சந்திரவல்லி. குடோன்ல காய் பொறுக்குது. இது என் தங்கச்சி அமுதவள்ளி, சொல்லிக்குடுத்தது அது. இவங்க ஆடுனது சிசிலியன். அதுலயும் டிராகன். பயந்தவங்க ஆட மாட்டாங்க பாய், தெரியும்ல?"

நாத்தனாரும் மதினியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

ஊருக்குள் ஜீப்பு நடந்து போகிற வேகத்தில்தான் போனது. பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி ஜீப்புக்காரர்களிடம் சொன்னான். காய் குடோன் வாசலில் நிறுத்தி வாட்ச்மேனிடம் சொன்னான். பெட்ரோல் போடுகிற பையனிடம் பெட்ரோல் போடாமலே சொன்னான். தெருவுக்குள் நுழைந்ததும் ஆரன் அடித்துக்கொண்டே வந்தான். ராக்கு வெளியே ஓடிவந்து, "என்னண்ணே, யாருக்கு என்னாச்சு?" என்று பதறினாள்.

"ஒண்ணும் ஆகல. ஜில்லாவுல முதல்! மாநிலப் போட்டிக்கு கோயம்புத்தூர் போறா ஒங்க அக்கா!"

ராக்கு போட்ட குலவையில் தெருவே கூடிவிட்டது. சந்திரவல்லிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கோப்பையை அவள் முந்தானையால் மூடவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று கையிலேயே வைத்திருந்தாள்.

---

காபி குடித்து முடித்ததும் லிங்கேஸ்வரன் தானாகவே போய்ப் பலகையை எடுத்து வந்து கூடத்தில் விரித்தான்.

"வா, உக்காரு. எனக்கும் அந்தச் சிசிலியைக் காட்டு."

பூப்பாறை விசயத்தை அமுதவள்ளி சொல்லிச் சொல்லிச் சிரித்து முடித்திருந்தாள். சந்திரவல்லி வெள்ளைக் காய்களை அவன் பக்கம் அடுக்கினாள். சிப்பாய் எப்படி, குதிரை எப்படி என்று சொல்லிக் கொடுத்தாள். அவன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளினான். அவள் தன் பக்கத்திலிருந்து ஒரு சிப்பாயை எடுத்து ரெண்டு கட்டம் முன்னால் வைத்தாள்.

"பாத்துக்கங்க. இவதான் சிசிலி."

"இவ்வளவுதானா?" என்றான் அவன். "இதுக்கா நான் மலையேறிப் போயி…" மூவரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அமுதவள்ளி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். லிங்கேஸ்வரன் அடுத்து ஆடக் குதிரை மேல் கை வைத்தான்.

"ஏங்க," என்றாள் சந்திரவல்லி. "முதலாவதா வந்தா, கேக்குறதைத் தர்றேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். நகையா, சேலையா? எதுன்னாலும் கேளு சந்திரா. இன்னைக்கு நீ கேட்டு நான் இல்லைன்னு சொல்வேனா?"

"வர்ற ஞாயித்துக்கெழமை அமுதாவைப் பொண்ணு பாக்க வர்றாங்கள்ல, அவங்களை வரவேண்டாம்னு சொல்லிருங்க."

அவன் சிரிப்பு நின்றது. உசிலம்பட்டியில் வாழப்போய், ஒன்றரை வருசத்தில் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்த தங்கச்சி. அவளுக்கு மறுபடியும் ஒரு இடம் பார்ப்பதற்குள் அவன் எத்தனை வீட்டு வாசப்படி ஏறியிருப்பான்! தாம்பூலம் மாற்றாத குறையாகப் பேசி முடித்து வைத்திருக்கிறான்.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன் சந்திரா."

"எனக்கும்தான் குடுத்திருக்கீங்க. கோயம்புத்தூர்ல ஆட்டம் வர்ற வெள்ளியில இருந்து திங்கள் வரைக்கும். அமுதா என்கூட வரணும். அவ இல்லாம இன்னைக்கு நான் இல்ல. மாப்பிள்ளை வேணுமா வேண்டாமான்னு அவகிட்ட நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவன் கேட்டதில்லை. அடுப்படியில் டம்ளர் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அமுதவள்ளி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள், அண்ணனைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிங்கேஸ்வரன் குனிந்து பார்த்தான். குதிரை இன்னும் அவன் விரலுக்குள்தான் இருந்தது. மெதுவாகக் கையை எடுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"நல்லா யோசிச்சே வைங்க, அவசரமில்ல," என்றாள் சந்திரவல்லி. "ஆனா தொட்டுட்டீங்க."